மாதையனை அழிக்க வேண்டாம், மாப்பிள்ளை

ஏற்காடு,
19-8-1998, புதன்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை ஹனீபா அவர்களுக்கு, மாமனார் சையத் இப்ராஹிம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சென்னை வெயிலில் நீங்களும் மகள் பரிதாவும் வாடாமல் இருக்க அல்லாஹ் அருள வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. உங்கள் மாமி ஹலீமா சுகம். கோழிகள் சுகம். கொல்லையில் நிற்கும் ஆரஞ்சு மரம்கூட சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. அதற்குக் காரணம் நீங்கள் என்று மாப்பிள்ளையிடம் மாமனார் எழுதினால் நன்றாக இருக்காது. ஆகவே நான் ரைட்டராகக் கணக்கெழுதும் எஸ்டேட் ஆபீசில் நீங்கள் பொருத்திவிட்டுப் போன டைரக்டரிதான் காரணம் என்று எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. பரிதாவிடம் காட்டி, 'உங்க அத்தாவுக்கு வயசாயிருச்சு' என்றும் சொல்லக் கூடாது.

தொலைபேசியில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். மழை ஆரம்பித்ததிலிருந்து ஆபீஸ் தொலைபேசியை எடுத்தால் காதில் இரைச்சல்தான் வருகிறது. ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்திலும் அதே இரைச்சல். மனிதன் பேசப் போனால் செத்துக் கிடக்கும் அதே கம்பியில், உங்கள் கணினி கூப்பிட்டால் மட்டும் சென்னை உடனே கிடைக்கிறது. கீச்சுக் கீச்சென்று இரண்டும் என்னதான் பேசிக்கொள்கின்றனவோ, பேசி முடித்ததும் திரையில் 'தகவல்கள் ஒத்துப்போயின' என்று வருகிறது. அதைப் பார்த்தாலே இப்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

நெட்வொர்க் டைரக்டரி என்று நீங்கள் முதலில் சொன்னபோது, தடித்த அட்டை போட்ட தொலைபேசிப் புத்தகம் வரப்போகிறது என்று அலமாரியில் இடம் ஒழித்து வைத்தவன் நான். பிறகுதான் நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைச் சென்னைக் கணினி, எங்கள் ஆபீஸ் கணினி, காபி குடோன் கணினி எல்லாம் ஒரே மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது என்றீர்கள். ஆளுக்கு ஒரு பதிவு, பதிவுக்குள் பெயர், ஊர், பதவி, நிலை என்று சில ஆட்ரிபியூட்டுகள், ஒரு இடத்தில் மாற்றினால் போதும், எல்லா இடத்திலும் தானாக மாறிவிடும் என்றீர்கள். எல்லா இடத்திலும் என்றால் எதுவரைக்கும் என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும்.

உங்கள் டைரக்டரி முதல் நாளே என்னோடு சண்டைக்கு வந்தது. கடைசிப் பெயர் என்ற ஆட்ரிபியூட் இல்லாத ஆளைச் சேர்க்க மாட்டேன் என்று சிவப்பெழுத்தில் அடம் பிடித்தது. இந்த மலையில் யாருக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது? சித்தன் என்றால் சித்தன். அவனுக்கு முதலும் அதுதான், கடைசியும் அதுதான். சரி, அப்பா பெயரைப் போடுங்கள் என்று நீங்கள் சொன்னீர்கள், போட்டேன். என் பெயரைக்கூட அது இரண்டாக வெட்டித் திருப்பிப் போட்டுவிட்டதால், தலைமையகத்திலிருந்து எனக்கு வரும் உறையில் எல்லாம் 'திரு. இப்ராஹிம் சையத்' என்று இருக்கிறது. தபால்காரர் பொன்னுவேல், இவர் யாருங்க, புதுசா வந்திருக்காருங்களா என்று என்னையே கேட்கிறார். அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு கம்பெனியின் நூற்றாண்டு மலருக்காக, இதுவரை இங்கே வேலை பார்த்து இறந்துபோனவர்களையும் சேர்க்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. சேர்த்தேன். நிலை என்ற ஆட்ரிபியூட்டில் 'காலமானார்' என்று போட்டுப் போட்டு, ஒரு கட்டத்தில் நம் மேனேஜர் அண்ணாதுரைக்கே அப்படிப் போடப் பார்த்தேன். நல்லவேளை, பதிவதற்கு முன் பார்த்துத் திருத்திவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் செம்மநத்தம் கிராமத்திலிருந்து குப்பாயி என்ற பெண் ஆபீசுக்கு வந்தாள். காட்டில் சாமை விதைத்துப் பிழைக்கிற விதவை. அவளுடைய ஒரே மகனுக்கு வேலை கேட்டு வந்தாள்.

"ஏனுங்க ரைட்டரய்யா, எம் பையன் பத்தாவது பாசுங்க. நொம்ப அடக்கமானவனுங்க. ஏதாச்சும் ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்றாள்.

"பேரு என்னம்மா?" என்றேன்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அதெப்படிங்க நாஞ் சொல்றது? எங்க மாமனாரு பேரைத்தானுங்க அவனுக்கு வெச்சிருக்குது."

"பெத்த பிள்ளையை எப்படித்தான் கூப்பிடுவே?"

"சாமீன்னு கூப்புடுவேனுங்க."

"சரி, உன் மாமனார் யாரு?"

"அதுந்தானுங்க சொல்லப்படாது!"

உங்கள் சென்னையில் கணினிக் கல்லூரியில் இதற்கெல்லாம் பாடம் உண்டா, மாப்பிள்ளை? அவள் கணவன் வெள்ளையன் என்பது எனக்குத் தெரியும். வெள்ளையனுடைய அப்பா மாதையன். அந்த மாதையன் எங்கள் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து, நான் ஆபீசில் சேர்ந்து சில வருஷத்தில் இறந்தவர். ஆக, பையன் பெயரும் மாதையன். சந்தோஷமாகத் தட்டினேன். பெயர் மாதையன், கடைசிப் பெயர் வெள்ளையன், ஊர் செம்மநத்தம். கணினி மறுத்தது. இதே பெயரில் இதே ஊரில் ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார் என்றது. பார்த்தால் அது தாத்தாவின் பதிவு. இவர்கள் ஊரில் தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள் அல்லவா? தாத்தா மாதையனின் அப்பாவும் ஒரு வெள்ளையன், பேரன் மாதையனின் அப்பாவும் ஒரு வெள்ளையன். எத்தனை தலைமுறை போனாலும் இந்த இரண்டு பெயர்தான் மாறி மாறி வரும். வெளியே மழை பிடித்துக்கொண்டது, அந்தப் பெண் வாசலில் நனைந்துகொண்டு நிற்கிறாள். தாத்தாதான் போய்ச் சேர்ந்துவிட்டாரே, அவர் இடம் காலியாகத்தானே கிடக்கிறது, பேரனை அதில் உட்கார வைத்தால் என்ன என்று தோன்றியது. வைத்தேன். பதவி என்ற இடத்தில் குடோன் கிளார்க் என்று மாற்றினேன். நிலையை மட்டும் மாற்ற முடியவில்லை. ஒருமுறை காலமானார் என்று பதிந்துவிட்டால் அதை மாற்றும் உரிமை சென்னைக்கு மட்டுமே உண்டு என்றது கணினி. ஒரு வார்த்தைதானே, பிறகு மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பையன் மாதையன் வேலைக்கு வந்தான். இருபது வயதுக்காரன். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வருவான். எழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் வாரம் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப் போயிற்று. அதற்கப்புறம் ஒரு நாள் சரக்கு ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னால், பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மைப் பெட்டியைக் கேட்டு வாங்கிக் கட்டைவிரலை உருட்டி வைத்தான். விளையாடுகிறான் என்று நினைத்து அதட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்து, "கோவிக்காதீங்க, சின்ன ரைட்டரே" என்றான்.

மாப்பிள்ளை, என்னைச் சின்ன ரைட்டர் என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். எனக்கு மீசை முளைத்த காலத்தில், ஆபீஸ் வாசலில் வெற்றிலையை மென்றுகொண்டு அந்தக் கிழவர் மாதையன் அப்படிக் கூப்பிடுவார். அவர் போன பிறகு அந்தப் பெயரும் போய்விட்டது. ஹலீமாவுக்குக்கூடத் தெரியாது. இந்தப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அன்றையிலிருந்து அவன் இருமல் மாறியது, நடை மாறியது. வாசலில் வெற்றிலைச் சாறு. எஸ்டேட் நாய் அவனைக் கண்டால் வாலை இடுக்கிக்கொண்டு காபிச் செடிக்குள் ஓடுகிறது. ஒரு நாள் மூடுபனிக்குள்ளிருந்து வந்து, "தொரை குதிரையில போயாச்சுங்களா?" என்று கேட்டான். துரையும் குதிரையும் இந்த மலையை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிறது. மேனேஜரிடம் சொன்னேன். கஞ்சா கிஞ்சா அடிக்கிறானா பாருங்கள் பாய் என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அப்போதுகூட எனக்கு உங்கள் டைரக்டரி மீது சந்தேகம் வரவில்லை. ஜீப் டிரைவர் கந்தசாமி விஷயத்தில்தான் கண் திறந்தது. கந்தசாமிக்கு ஒண்டிக்கடையில் வீடு, ராசம்மாள் என்று வாயாடி மனைவி. அவன் பதிவில் தொலைபேசி எண் சேர்க்கப் போய், கை தவறி ஊர் என்ற இடத்தில் செம்மநத்தம் என்று அடித்துவிட்டேன் போலிருக்கிறது. மறுநாள் காலையில் ராசம்மாள் ஆபீசுக்கு வந்து சண்டை பிடித்தாள்.

"ஏனுங்க பாயி, எம் புருசனை எங்கீங்க வெச்சிருக்கீங்க? ராத்திரி ஊட்டுக்கே வரலீங்க!"

செம்மநத்தத்துக்கு ஆள் அனுப்பினால், கந்தசாமி அங்கே ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். இது எந்தூர்க்காரன் என்று கேட்டதற்கு அந்த ஊர்ப் பெரியவர் மாதப்பன், "எங்கூருதானுங்க, பொறந்ததுலருந்து இங்கதானுங்க" என்று சத்தியம் செய்கிறார். ராசம்மாள் போய் எதிரில் நின்றால் கந்தசாமி எழுந்து நின்று, யாருங்கம்மா நீங்க என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறான். அவள் திரும்பி வந்து இதைக் குரல் தாழ்த்திச் சொன்னாள். ராசம்மாள் குரல் தாழ்ந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். பயந்துபோய்ப் பதிவைத் திறந்து பார்த்தேன், செம்மநத்தம் என்று இருந்தது. அதை அழித்து ஒண்டிக்கடை என்று அடித்தேன். கணினி சென்னையோடு கீச்சிட்டு ஓய்ந்தது. சாயங்காலம் கந்தசாமி தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு, காபி இருக்கா என்று கேட்டானாம். இடையில் நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. மாதப்பனும், கந்தசாமியா, அது யாருங்க என்கிறார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும் என்றீர்களே, மனிதனும் அந்த எல்லா இடத்தில் சேர்த்தியா? கணினியைத் திருத்தியதும் கந்தசாமி திருந்திவிட்டான். அப்படியென்றால் மாதையனையும் திருத்தலாம் அல்லவா? உட்கார்ந்தேன். தாத்தாவுக்கு ஒன்று, பேரனுக்கு ஒன்று என்று பதிவைப் பிரிக்கப் பார்த்தேன். ஒரே பெயர், ஒரே ஊர், முடியாது என்றது. பேரனை 'மாதையன் இளையவர்' என்று மாற்றிப் பார்த்தேன். காலமானவர் பெயரை மாற்ற உரிமை இல்லை என்றது. நிலையைத் தொட்டேன், உரிமை இல்லை. இந்தக் கணினியில் எனக்கு என்னதான் உரிமை இருக்கிறது என்று எரிச்சலில் என் பதவியை மேனேஜர் என்று மாற்றிப் பார்த்தேன். அதற்கும் உரிமை இல்லை என்றது. அல்ஹம்துலில்லாஹ், அண்ணாதுரை தப்பித்தார். ஆனால் மாதையன் பதிவில் ஒவ்வொரு நாளும் ஒரே சிவப்பு வரி நிற்கிறது: 'ஆட்ரிபியூட் பிழை. காலமானவர் பணிக்கு வர இயலாது.'

நேற்று குப்பாயி மறுபடி வந்தாள். இந்த முறை முந்தானையை வாயில் வைத்தது சிரிப்பதற்கு இல்லை.

"ரைட்டரய்யா, எம் பையன் நேத்து ஊட்டுக்குள்ள வந்து கட்டில் மேல குக்கி உக்காந்துக்கிட்டு, 'மருமவளே, தண்ணி கொண்டா'ன்னானுங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சுங்க. ஆனா என்ன கருமமுங்க, என்னையறியாம சீலையை இழுத்து மூடிக்கிட்டு ஒதுங்கி நின்னுட்டேனுங்க. நாம் பெத்தவன் முன்னால நானே ஒதுங்கி நின்னேனுங்க."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"கோயில்ல துன்னூறு போட்டுப் பாத்தேனுங்க. எறங்கலீங்க. நீங்கதானுங்க பேரு எழுதுனீங்க, நீங்களே ஏதாச்சும் பண்ணுங்க சாமி. எனக்கு அவனை உட்டா யாருமில்லீங்க" என்று காலில் விழ வந்தாள். தடுத்து உட்கார வைத்து, என் மாப்பிள்ளை மெட்ராசிலே பெரிய என்ஜினீயர், இந்தக் கணினியைச் செய்தவரே அவர்தான், அவரிடம் சொன்னால் ஒரு நொடியில் சரியாகிவிடும் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். நீங்கள் செய்யவில்லை, பொருத்தத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது? அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை, மாப்பிள்ளை. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

அவள் போன கையோடு தலைமையகத்துச் சுற்றறிக்கை வந்தது. நூற்றாண்டு மலர் அச்சாகிவிட்டதாம். டைரக்டரியில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் காலமானவர்களின் பதிவுகள் எல்லாம் வருகிற வெள்ளிக்கிழமை ஒரேயடியாக நீக்கப்படுமாம். கீழே உங்கள் கையெழுத்து. ஊர் மாறியதற்கே கந்தசாமி பெண்டாட்டியை மறந்தான். பதிவே இல்லாமல் போனால் அந்தப் பையன் என்ன ஆவான்? என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே மாமனார் மாப்பிள்ளையிடம் முதன்முதலாகக் கேட்கிற உதவி இது. கல்யாணத்தின்போதுகூட நான் எதுவும் கேட்கவில்லை, பிரியாணிக்கு ஆள் மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை அந்தத் துடைப்பை நிறுத்துங்கள். முடியாவிட்டால் மாதையன் பதிவில் நிலை என்ற இடத்தில் 'பணியில்' என்று ஒரே ஒரு வார்த்தையை மாற்றுங்கள். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, மாமனாருக்குப் பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிவிட்டு அப்புறம் சிரியுங்கள். இந்தக் கடிதத்தைச் சாயங்கால பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து, சேலம் கூரியரில் சேர்க்கச் சொல்லப்போகிறேன். இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை காலையில் உங்கள் கையில் இருக்கும்.

பரிதாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்கள், அவள் கணினி பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஹலீமா மிளகும் அத்தர் புட்டியும் எடுத்து வைத்திருக்கிறாள், நல்ல ஆள் வரும்போது வந்து சேரும். உங்கள் இருவர் வாழ்வும் நெடுகப் பூத்துக் காய்த்து நிறைய அல்லாஹ்விடம் கையேந்தும்,

உங்கள் மாமனார்,
சையத் இப்ராஹிம்
(இப்ராஹிம் சையத் அல்ல)

பின்குறிப்பு, 22-8-1998, சனிக்கிழமை: அடிவாரத்துக்குப் போகும் பாதையில் மரம் சாய்ந்து மூன்று நாளாக பஸ் ஓடவில்லை. கடிதம் என் மேசையிலேயே கிடந்துவிட்டது. இன்றைக்குப் பாதை திறந்துவிட்டார்கள் என்றதும், ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். எழுத்து என்னுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் மாதையன், மாதையன் என்று இத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேனே, அது யார் என்று எனக்குப் புரியவில்லை. அப்படி ஒரு மேஸ்திரியோ கிளார்க்கோ நம் கம்பெனியில் இருந்ததாக நினைவில்லை. மேனேஜரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. குடோன் கிளார்க் வேலைக்கு ஆளே போடவில்லையே பாய் என்கிறார். டைரக்டரியிலும் தேடினேன், இல்லை. மழைக் காய்ச்சலில் ஏதோ உளறி எழுதியிருக்கிறேன் போலும். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நீங்கள் நேற்றுச் செய்த துடைப்பு அருமையாக வேலை செய்கிறது. கணினியில் சிவப்பெழுத்து ஒன்றுகூட இல்லை. மேனேஜர் உங்களுக்குப் பாராட்டுச் சொல்லச் சொன்னார்.

கிறுக்கல் என்றாலும் மாப்பிள்ளைக்கு எழுதியதைக் கிழிக்க மனம் வராமல் அப்படியே அனுப்புகிறேன். ஒரே ஒரு சின்ன விஷயம்தான் உறுத்துகிறது. இன்று மத்தியானம் செம்மநத்தத்திலிருந்து ஒரு பெண் தூக்குப்போசியோடு வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள். குப்பாயி என்று பெயர் சொன்னாள். கடிதத்திலும் அதே பெயர் இருக்கிறது, அதிசயம்தான். யாருக்கும்மா சாப்பாடு என்று கேட்டேன்.

"தெரியலீங்க. களி கிண்டுனேனுங்க, கை பாட்டுக்கு ரெண்டாளுக்குக் கிண்டிருச்சுங்க. கால் பாட்டுக்கு இங்க வந்துருச்சுங்க" என்றாள்.

பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டேன். வெகுநேரம் மூடுபனியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இல்லீங்க" என்றாள். திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். மாட்டேன் என்றாள். யாராவது சாப்பிட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். பாவமாக இருந்தது, நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, கடைசி வாய் வரைக்கும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னுங் கொஞ்சம் வெக்கட்டுமா கண்ணு?" என்று கேட்டாள். ஐம்பது தாண்டிய என்னை ஏன் அப்படிக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை. வயிறு நிறைந்திருந்தது, இருந்தாலும் வை என்றேன்.